சுவரைத் தாண்டாத பெட்டி

என் மகன் என்னை 'நீங்க' என்பான்; அவன் சித்தியை 'நீ' என்பான். கேட்கிறவர்களுக்கு அது அவன் எனக்குத் தரும் மரியாதை. எனக்கு அது வயிற்றெரிச்சல். இருபது வருடத்துக்கு மேல் அந்த எரிச்சலை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் காலம் தள்ளிவிட்டேன். 2007இல், பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் அது வெளியே வந்தது.

சித்தி என்பது என் கொழுந்தனார் மனைவி, அதாவது என் ஓரகத்தி. அரியலூரில் மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தோம். கிழக்குப் பாதியில் நாங்கள், மேற்குப் பாதியில் அவர்கள். சுவரில் ஒரு கதவு உண்டு. பகலில் அதை யாரும் சாத்துவதில்லை. எனக்கு ஆலத்தியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அதுவரை பையன் கதவுக்கு அந்தப் பக்கம். அவள்தான் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். எனக்கு நன்றி இல்லாமலில்லை. நன்றியும் பொறாமையும் ஒரே மனசில் குடியிருக்காது என்று நினைப்பவர்கள் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து பார்க்கவில்லை.

பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். ஓரகத்தி மகள் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்ததால் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் அவர்கள் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகனின் முகம் அங்கேதான் வரும். நாற்காலி ஒன்று. அவள் உட்காருவாள், நான் பின்னால் நிற்பேன். திரையின் மூலையில் நாங்கள் தெரியும் சின்னக் கட்டத்தில் அவளுடைய முகம் இருக்கும். என்னுடையது புடவை மடிப்பு மட்டும். குனிந்து நிற்கச் சொல்வாள். பெற்ற பிள்ளையைப் பார்க்க நான் எதற்குக் குனிய வேண்டும் என்று விறைப்பாகவே நிற்பேன். குழம்புச் சட்டியைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டுவாள். அவன் அங்கே சப்புக்கொட்டுவான். நான்கு நாள் காய்ச்சலில் அவன் படுத்திருந்தது அவளுக்கு அன்றே தெரியும். எனக்கு ஒரு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் தெரிந்தது. அம்மா பயந்துடுவாங்க என்று அவன்தான் சொல்ல வேண்டாம் என்றானாம்.

பிறகு ஓரகத்தி மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதமே ஓரகத்தி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுக்கையில் கிடந்தாள். அந்தச் சமயத்தில்தான் மகன் எனக்கு ஒரு லேப்டாப்பை ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பினான். எங்கள் வீட்டுப் போனுக்கும் இன்டர்நெட் வந்தது. இனிமேல் அவன் முகம் என் கூடத்தில்தான் என்று நினைத்தபோது, கால் உடைந்து கிடப்பவளைப் பற்றி எனக்கு இரக்கமே வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

என் சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது. போனில் சொன்னான்: "வயர்லெஸ் பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டுங்கம்மா. வயரு இல்லாம லேப்டாப்ப அப்படியே தூக்கிட்டுப் போயி சித்திக்குக் காட்டலாம். பாவம், படுத்தே கெடக்கு."

எதற்காக லேப்டாப் வந்தது என்று அப்போது புரிந்தது.

பெரம்பலூர் கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் சில வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு வந்து கடை போட்டவர். அவசரப்பட்டு எதையும் தலையில் கட்டமாட்டார். வீட்டை வரைந்து காட்டச் சொன்னார். பையில் இருந்த பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வரைந்து, போன் இருக்கும் கூடத்தில் புள்ளி வைத்தேன். சுவர் எவ்வளவு அகலம் என்று கேட்டார். முக்கால் முழம் என்றேன். இரண்டு ஆன்டெனா வைத்த ஒரு பெட்டியை எடுத்து வைத்து, புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதற்குள் எங்கே உட்கார்ந்தாலும் சிக்னல் நன்றாக எடுக்கும் என்றார்.

வட்டம் சுவரைத் தாண்டி, அவளுடைய அடுப்படியைத் தாண்டி, அவள் கட்டில் கிடக்கும் அறையையும் வளைத்துக்கொண்டு போயிருந்தது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டார் இன்டர்நெட்டைத் திருடிவிடுவார்கள் என்று பயப்படுகிறேன் போலிருக்கிறது என்று எண்ணி, பாஸ்வேர்ட் போட்டுத் தருவதாகச் சொன்னார். பாஸ்வேர்ட் போட்டால் என்ன, லேப்டாப் நடந்து போகாதா? மகன் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. காப்பித்தூளிலிருந்து கழுத்துச் சங்கிலி வரை கேட்டால் கொடுத்துவிடுவோம், மனசுக்குள் திட்டிக்கொண்டே. எனக்குப் பதிலாக இல்லை என்று சொல்ல ஒரு பெட்டி வேண்டியிருந்தது.

"இருக்கறதுலயே சின்னதா, சுவரத் தாண்டாததா ஒண்ணு குடுங்க" என்றேன்.

"எல்லாரும் தாண்டணும்னுதான் டீச்சர் கேப்பாங்க" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல், அடித்தட்டிலிருந்து ஆன்டெனாவே வெளியில் தெரியாத ஒரு பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

மறுநாள் அவரே வந்து மாட்டினார். கூடத்தில் எடுத்தது. என் அடுப்படியிலேயே எடுக்கவில்லை. இதற்கு வயரே போதுமே என்றார் என் கணவர். பேச்சை மாற்றி, கணவரைச் சாப்பிட வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகன் முகம் தெரிந்ததும் சித்தியிடம் எடுத்துப் போகச் சொன்னான். ஆரத்தித் தட்டைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். கதவருகே படம் திணறியது. வாசல்படியைத் தாண்டியதும் நின்றது. பாதிச் சிரிப்பில் வாய் திறந்தபடி உறைந்துவிட்டான். அப்படியே கட்டில் வரைக்கும் கொண்டுபோனேன். எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டு, சிக்னல் வரவில்லை என்றேன்.

அவள் அந்த அசையாத படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எளச்சுட்டான்க்கா" என்றாள். "பரவால்ல, நீங்க போயிப் பேசுங்க. புள்ள காத்துக்கிட்டு இருப்பான்."

கூடத்துக்கு வந்ததும் படம் அசைந்தது. அங்கே எடுக்கவில்லை என்று சொன்னேன். சரிம்மா என்றான். சாப்பிட்டீர்களா என்றான். சாப்பிட்டேன், நீ என்றேன். அவனும் சாப்பிட்டிருந்தான். அப்பாவின் பிரஷர் மாத்திரையைக் கேட்டான். இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பின்னால் நின்ற நாட்களில் என்னிடம் ஆயிரம் பேச்சு இருந்தது. இப்போது ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியவில்லை.

"இருங்கம்மா, சித்திகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வந்துடறேன்" என்று காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தான். செல்போனை எடுத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் போன் மணி அடித்தது. உடனே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கேமராவை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. என் திரையில் அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஏதோ ஒன்று எவ்வளவு பெரியது என்று கையை விரித்து, அவளால் பார்க்க முடியாது என்பதையே மறந்து, காட்டினான். அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. நடுவில் திறந்து கிடந்த கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வரலாமா என்றிருந்தது. எழுந்து போகிற நேரத்தில் அவன் முகம் திரையிலிருந்து போய்விடுமோ என்று, அரை மணி நேரமும் நான் இடத்தை விட்டு அசையவில்லை.