திங்கட்கிழமைக் காரியம்

எங்கள் பகுதி ஜெபக்கூட்டம் கரமனைப் பாலத்துக்கு இப்பால் வெள்ளிதோறும் ஒரு வீட்டில் நடக்கும். மகனுக்கு விசா, மருமகளுக்குத் தைராய்டு என்று விண்ணப்பங்கள் விவரமாக வரும். விவரம் சொல்ல விரும்பாதவர் “சொல்ல முடியாத ஒரு காரியம்” என்றால் போதும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பது எங்கள் நாகரிகம். படியிறங்கியதும் யூகிப்பது வேறு கணக்கு.

இது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலத்தின் மூன்றாம் வெள்ளி, எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாம் வெள்ளி என்கிறாள் என் மனைவி. இரண்டாம் வெள்ளிக்குப் பலகாரம் சுகியன், அன்றைக்கு முந்திரிக்கொத்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணுக்குக் கணவன் கப்பலில் வேலை. இடுப்பில் நடை பழகாத பிள்ளை. ஈஸ்டர் கழிந்ததும் விழிஞ்ஞத்தில் ஓர் ஆபீஸில் சேர வேண்டும். அந்த மாதம் காலைகளில் அவள் குமட்டும் சத்தம் கேட்டது. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். லெந்தில் அவள் மீன் தொடமாட்டாள் என்பது இருவருக்கும் வசதியாக மறந்துபோனது.

அன்று கூட்டத்தில் அவள், “சொல்ல முடியாத ஒரு காரியம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போணும்” என்றாள். எல்லோரும் கண்ணை மூடினோம். கூட்டத்தை நடத்தும் உபதேசியார் குரலை உயர்த்தினார்: “திங்கட்கிழமைக் காரியத்தை ஜெயமாய் முடித்துத் தாரும் ஆண்டவரே!”

“உபதேசியாரே, கொஞ்சம் நில்லுங்க” என்றாள் என் மனைவி.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “அக்கா, ஜெபத்துக்கு நடுவிலயா?”

“ஆமென் சொன்னா எல்லாரும் முந்திரிக்கொத்துக்குப் போயிருவீங்க. என்ன காரியம்னு தெரியாம எதுக்கு ஜெயம் கேக்கீங்க?” பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “மக்ளே, கலைக்கவாக்கும் போற?”

“பின்னே நான் என்ன செய்யணும் அத்தை? ஒண்ணு இடுப்பில இருக்கு. இந்த ஜோலி விட்டா வேற கிட்டாது. எல்லாருக்கும் தெரியும். ஆராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

உபதேசியார் தொண்டையைச் செருமினார். “அது பாவமாக்கும்...”

“சரிதான். அதுக்கு உங்க செவ்வாய்க்கிழமையைத் தாருங்க. இவ ஜோலிக்குப் போனா பிள்ளையைப் பாக்க ஆளு வேணும்” என்றாள் என் மனைவி.

கருவிலிருக்கும் பிள்ளை கர்த்தருடையது என்று அந்த அறையில் எல்லோரும் நம்பினோம், இன்றும் நம்புகிறேன். அதை நம்பினால் ஒருத்தியிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும், கிழமையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றவில்லை. வியாழன், வாராவாரம் முழங்கால் வலிக்கு ஜெபம் கேட்கும் அம்மாவுக்கு, புதன் என் மனைவிக்கு. திங்கள் என் தலையில். அந்தப் பெண் எதற்கும் சம்மதிக்கவில்லை. “ஆலோசிச்சுச் சொல்லுதேன்” என்று மாடியேறிவிட்டாள்.

திங்கள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. அவள் பையோடு இறங்கி வந்தாள். அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

“மாமா, திங்கள் உங்களுக்கில்லா? ஆஸ்பத்திரிக்கு இல்ல, விழிஞ்ஞத்துக்கு. வயித்தில பிள்ளை இருக்குன்னு முதல்லயே ஆபீஸ்ல சொல்லிட்டு வாறேன்.”

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பிள்ளை என் சட்டையை நனைத்துவிட்டது.

ஆபீஸில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பிள்ளை சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் பிறந்தாள். அவளுக்கும் சேர்த்துத் திங்கள் என்னுடையதே. இப்போதும் கூட்டத்தில் யாராவது சொல்ல முடியாத காரியம் என்றால், உபதேசியார் ஜெபத்தைத் தொடங்குமுன் ஒரு கண்ணால் என் மனைவியைப் பார்த்துக்கொள்கிறார்.