வரிசையின் கடைசியில்

தொண்ணூறுகளில் ஆவடியில் நாங்கள் விடிவதற்கு முன்பே ஓடப் போவோம். குவார்ட்டர்ஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர், பட்டாபிராம் சாலையில் ஒருவர் பின் ஒருவராக ஓடுவோம். தெருவிளக்கு எரியாது. அதனால் முன்னால் ஓடுகிறவர் "பள்ளம்" என்பார். அடுத்தவர் அதைத் தனக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்வார். கடைசி ஆள் வரை அது போய்ச் சேரும்.

நான் பெண்ணாக வாழத் தொடங்கியதும் வீட்டை விட்டும் அந்த வரிசையை விட்டும் விலகினேன். இரண்டு வருடம் தனியாகவே ஓடினேன். லாரிக்காரர்கள் கத்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் பள்ளத்தில் கால் மடங்கி ரோட்டிலேயே உட்கார்ந்தபோதுதான் ஆத்திரம் வந்தது. நான் எதற்குத் தனியாக ஓட வேண்டும்?

கால் சரியானதும் சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாகப் பழைய இடத்துக்கே போனேன். எல்லோரும் பார்த்தார்கள். ஓடத் தொடங்கியதும் கடைசியில் சேர்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் ஓடியவன், ஒரு காலத்தில் என்னை 'மச்சான்' என்று மட்டுமே கூப்பிட்டவன்.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் முன்னாலிருந்து "பள்ளம்" என்ற சொல் ஒவ்வொருவராகக் கடந்து அவனிடம் வந்தது. அவனோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பாமலே சொன்னான்.

"பள்ளம் கீது. பாத்து வாம்மா."

அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் இருட்டுக்குள் திரும்பி நானும் "பள்ளம்" என்று சொன்னேன்.