முனிக்கு வெச்ச செடி

சின்னையாவ ஜெயிலுக்கு அனுப்புனது நான்தான். போலீஸு இல்ல, லூஜி இல்ல. நான்!

இத மொதல்ல சொல்லிடறேன். அப்புறம் எங்கெங்கயோ சுத்தித்தான் வருவேன், வயசாச்சு... நீங்க பொறுத்துக்கணும்.

ரங்கூன் டவுன்லேருந்து சர்க்காரு எங்களக் கெளப்பி, ஊருக்கு வெளிய ஷ்வேப்யிதாவுல தூக்கிப் போட்டப்ப அங்க வெறும் பொட்டக்காடு. மழ பேஞ்சா முழங்காலு சேறு. மொதல்ல வீடா கட்டுனோம்? முனீஸ்வரனுக்கு ஒரு தகரக் கொட்டாய் போட்டோம். முனி காவல் இல்லாம பொண்டு புள்ளைங்க எப்பிடித் தூங்கும்? வருசம் ஒருக்கா படையல். சேவலு, சாராயம், சுருட்டு... சுருட்டுக்குள்ள ஒரு சிட்டிகை கஞ்சா. அது இல்லாம முனி எறங்க மாட்டாரு.

அதுக்குன்னு ரெண்டு செடி, த்வாண்டே ஊரு மண்சட்டியில, என் வீட்டுப் பின்னால வளந்துச்சு. நல்ல சட்டிங்க அது, இப்ப வர்றது மாதிரி ஒரு மழைக்கே விரிசல் விடாது... சரி, அது கெடக்கட்டும்.

எங்க வட்டாரத் தலைவரு பர்மாக்காரரு. லூஜின்னுதான் கூப்பிடுவோம். படையலுக்கு வந்து கோழிக்கறி திம்பாரு. "சாமிக்குத்தானே, வெச்சுக்குங்க"ம்பாரு. அவரு சொன்னா எங்களுக்கு அதான் சட்டம்! வேற எந்தச் சட்டத்த நாங்க கண்டோம்?

ஒரு நா காலையில அவரே ஓடி வந்தாரு.

"கோ முத்தையா"ன்னாரு, நம்ம அண்ணேங்கிற மாதிரி. "டவுன்லேருந்து போலீஸு ஆளு வர்றான். செடியப் புடுங்கி எரிச்சிடு."

"நீங்கதானே வெச்சுக்கச் சொன்னீங்க?"

"என் வாய்ச்சொல்லு இந்த ரோட்டு மொனை வரைக்கும்தான்யா! அந்தாண்ட போனா மேலிடத்துச் சட்டம். அவன்கிட்ட முனியாவது கினியாவது!"

புடுங்குனேனா...? முனி செடியப் புடுங்குனவன் ரத்தம் கக்குவான்னு எங்கப்பன் சொல்லி வளத்திருக்கான். புடுங்கவும் பயம். வெச்சிருக்கவும் பயம். என்ன செஞ்சேன் தெரியுமா? சட்டி ரெண்டையும் தூக்கிட்டுப் போயி, கோயிலுக்குப் பின்னால பூசாரி சின்னையா குடிசையோரம் எறக்கி வெச்சேன்.

"என்னண்ணே, முனிக்குச் சீதனமா?"ன்னு சிரிச்சான்.

"லூஜிதான் இங்க வெக்கச் சொன்னாரு. கோயில்ல இருந்தா சட்டம் தொடாதாம்."

அந்தப் பொய்யி... எம்புட்டு லேசா வந்துச்சு!

மத்தியானமே வந்துட்டானுங்க. சின்னையா பயப்படல. நெஞ்ச நிமித்திக்கிட்டு, "லூஜி உத்தரவு இருக்கு, கேட்டுப் பாருங்க"ன்னான். லூஜியக் கூட்டியாந்தாங்க. "புடுங்கச் சொல்லி முத்தையாகிட்ட சொன்னேனே"ன்னாரு. எல்லாரும் என்னயப் பாத்தாங்க. நான் முனியோட அருவாளப் பாத்துக்கிட்டு, "என்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க"ன்னேன்.

வருசக்கணக்கா உள்ள கெடந்தான். வெளிய வந்தப்ப பாதிப் பல்லு இல்ல. என் மேல ஒரு துளி சந்தேகம் உண்டா? கெடையாது! மொத விபூதி எனக்குத்தான். லூஜி எதுக்க வந்தா மட்டும் காறித் துப்புவான். "வாக்கு மாறுனவன்"னு எல்லார்கிட்டயும் சொன்னான். சனங்க நம்புச்சு. லூஜியப் படையலுக்குக் கூப்பிடறத நிறுத்துனோம். நானும் சேந்துதான் நிறுத்துனேன்! அந்த மனுசன் செத்தப்ப எங்க ஆளுங்க ஒருத்தரும் அந்த வாசல மிதிக்கல.

இதச் சொல்லாம சாவக் கூடாதுன்னு முந்தா நாளு சின்னையாகிட்ட போனேன். படையலுக்குச் சுருட்டு சுருட்டிக்கிட்டு இருந்தான். எல்லாத்தையும் சொன்னேன். அவன் கை நிக்கல. சுருட்டி முடிச்சு, நூலு கட்டி, தாம்பாளத்துல வெச்சான்.

"அந்த மனுசன் சாவுக்கு நான் போகலியே..."

அம்புட்டுதான். திட்டல, அடிக்கல. அடிச்சிருக்கக் கூடாதா!

லூஜி சம்சாரம் மாவ்பியில மக வீட்டுல இருக்காங்களாம். நாளைக்கு மொத பஸ்ஸுல போறேன். உம் புருசன் பொய் சொல்லல தாயின்னு, அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லப் போறேன். கதவச் சாத்துனா வெளிய நின்னு சொல்லுவேன்.

சின்னையாவும் வர்றானாம். "உன் பக்கத்துல மட்டும் உக்கார மாட்டேன்"ன்னுட்டான்.