மேசைக்கு அடியில் இருந்த முகம்

பொம்மைக்காரம்மாவுக்கு நான் நாலாயிரத்து இருநூறு தரவேண்டியிருந்தது. எழுபத்திரண்டு வயதில் நான் யாருக்காவது கடன்பட்டிருந்தேன் என்றால் அந்த ஒன்றுதான். அதுவும் கடன் என்று எனக்கே தெரியாமல் ஏழு வாரம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மேசை நாற்காலியைத் தலையில் சுமந்து மாடி ஏற்றிய கூலியாள். இன்றைக்கு மூன்று கிடங்கு நிறைய மரச்சாமான் என்னுடையது. நாடகக்காரர்கள், படம் எடுப்பவர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். இதெல்லாம் யாரையும் நம்பாமல் இருந்ததால் வந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் அடியில், கண்ணில் படாத இடத்தில், சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டம் போட்டு உள்ளே இரண்டு புள்ளி வைப்பேன். எழுத்து ஒழுங்காக வராதவனுக்கு அதுதான் கையெழுத்து. என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலையாட்களுக்குக்கூடச் சொன்னதில்லை. சொன்னால் ஒரு மட்ட மேசையில் அதே அடையாளத்தைப் போட்டு என் தலையில் கட்டிவிட்டு, நல்லதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

பொம்மைக்காரம்மா குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் பொம்மை செய்பவர். முன்பு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாராம். மிச்சத் துணியில் அக்கா பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்த ஒரு கோழியைப் பார்த்துத்தான் தொலைக்காட்சியில் கூப்பிட்டார்களாம். பொம்மை, துணிமணி, மேசை நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளமும் வாடகைப் பணமும் நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகுதான் வரும்; கடைக்கு முன்பணத்தைத் தன் கையிலிருந்து கட்டி, சாமானைத் திருப்பிக் கொடுத்ததும் வாங்கிக்கொள்வார். இருந்தது ஒரே ஒரு நாலாயிரம். அதுவே கடைக்குக் கடை சுற்றி வரும்.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எல்லாரும் மேசையை மேலே தட்டிப் பார்ப்பார்கள். இவர் முட்டி போட்டு உட்கார்ந்து அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

“அங்க என்னம்மா தேடுறீங்க?”

“குழந்தைங்க மேசைய அடியிலருந்துதானங்க பாக்கும்.”

பதில் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நன்றாக இருக்கிற பதில் மேல்தான் சந்தேகம் வரும். அடையாளத்தைப் பார்த்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். நாலாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் கனமான பெரிய மேசையை அனுப்பினேன்.

ஏதோ பழைய கதையை எடுக்கிறார்களாம். பள்ளியில் எல்லாரும் படித்ததாம். நான் படித்ததில்லை, அந்த வயதில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கஞ்சன் தன் மேசையில் யாரையும் உட்கார விடமாட்டான். வெள்ளம் வந்ததும் அதையே கவிழ்த்துப் படகாக்கி, சண்டைக்கார அண்டை வீட்டுக் கோழிகளைக் கரை சேர்ப்பான். இவ்வளவுதான் கதை.

மேசை ஒரு நாள் தாமதமாக வந்தது, மண்ணெண்ணெய் வாடையோடு. கொண்டுவந்த ஆளை அனுப்பிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான பலகை. மறுநாள் பொம்மைக்காரம்மா முன்பணம் கேட்டு வந்தபோது, இது என் மேசையே இல்லை, பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அதை எப்படிச் சொல்வது? தொழில் ரகசியம். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். ஒரு நாள் தாமதத்துக்கு இருநூறும் வாங்கிக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் அடுத்த கதைக்கு எந்தக் கடையிலும் சாமான் எடுக்க முடியாது, வேலையே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை போடாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அதன் பிறகு மூன்று முறை வந்தார். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கதை ஒளிபரப்பானது. கதை பார்க்க உட்காரவில்லை. என் உண்மையான மேசை திரையில் தெரிந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கோழிக்குஞ்சு பொம்மை மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு அண்ணாந்து பார்த்தது. அங்கே என் வட்டம், என் இரண்டு புள்ளி. அதற்குக் கீழே ஒரு வாய் வரைந்து, சுற்றிலும் நீல அலை போட்டிருந்தார்கள். குஞ்சு அந்த முகத்தோடு பேச ஆரம்பித்தது. அப்புறம் வெள்ளம் வந்தது, மேசை கவிழ்ந்தது, கோழிகளுக்கு நடுவில் அந்த முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மிதந்தது.

“என்னங்க, உங்க கையெழுத்து சிரிக்குது. நீங்க எப்ப சிரிக்கப் போறீங்க?” என்றாள்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை, அதன் பக்கத்தில் வளைந்து நின்ற ஆணியைப் பார்த்தேன். அது நான் அடித்த ஆணி. கிடங்குக்கு ஓடி, திரும்பி வந்த மேசையைக் கவிழ்த்தேன். அதே ஆணி, அதே வளைவு. பலகையின் ரேகைக்குள் கொஞ்சம் சிவப்பும் ஒட்டியிருந்தது. தான் வரைந்ததைச் சுத்தமாகக் கழுவித் தரவேண்டும் என்று அவர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் என்னுடையதும் சேர்ந்து போயிருக்கிறது. என்ன காணோம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மறுநாள் தொலைக்காட்சி நிலையத்துக்கு நானே போனேன். பின்கட்டில் சின்ன அறை. கம்பியில் பொம்மைகள் தலைகீழாகத் தொங்கின. பொம்மைக்காரம்மா அட்டைப் பெட்டிகளை ஒட்டி நாற்காலி செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பசைக்கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“இன்னும் எதுக்குப் பணம் புடிக்கணுங்க?”

“புடிக்க வரல, குடுக்க வந்தேன்.”

“ஏன் இப்ப?”

அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தேகம். வேறு வழியில்லாமல் ரகசியத்தைச் சொன்னேன். மனைவிக்கு அடுத்து அதைக் கேட்டவர் இவர்தான்.

“உங்க அடையாளமா அது? எந்தப் புள்ளையோ கிறுக்கி வச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்” என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் பணத்தை எடுத்தேன். பசை காய்ந்த கையை அவர் நீட்டினார். ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன். நாலாயிரம் ஆனது. கை மூடவில்லை.

“கழுவிக் காயவச்சதுலதாங்க அந்த ஒரு நாள் தாமதமாச்சு” என்றார்.

பையில் மறுபடி கை விட்டேன். ஒரு நூறு வைத்தேன். அந்தக் கை அப்படியே விரிந்திருந்தது. இன்னொரு நூறும் வைத்தேன்.