மலர்விழி திரும்பிப் பார்க்கவில்லை

இன்று மகளைக் கூட்டிக்கொண்டு சிங்களவர் அதிகம் வாழும் கலேவெல பக்கம் ஒரு குளக்கரைப் பூங்காவுக்குப் போனோம். காட்டுப் பாதையில் நடந்துவிட்டுப் படகு வலிக்கலாம் என்று ஆசை.

படகுத்துறை தெரிந்ததும் மலர்விழி எங்களை முந்திக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினாள். ஐந்து வயது. நீச்சல் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் கையைப் பிடித்தார். "தமிழ்ல கத்தாத! ஆமிக்காரங்க நிக்கிறாங்க."

"துவே, மெஹாட்ட என்ன!" மகளே, இங்கே வா என்று சிங்களத்தில் மூன்று முறை கத்தினேன். அவள் திரும்பவேயில்லை. பலகை விளிம்பில் அவளைப் பிடித்துத் தூக்கியது அங்கே நின்ற ராணுவத்தினரில் ஒருவர்தான்.

"கூப்பிட்டது கேக்கலையாடி?"

"நீங்க வேற யாரோட பிள்ளையையோ கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன்மா."

படகு ஏறாமலே திரும்பிவிட்டோம். நீங்களெல்லாம் வெளியில் உங்கள் பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?