அத்தை காட்டிய பறவைகள்

சிறுவர் இணைப்பு தயாரிக்கும் நண்பர் காலையில் கூப்பிட்டார். வயல்வெளியில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று சுருக்கமாக எழுதித் தர வேண்டுமாம். குற்றாலத்துக்காரன் என்பதால் என் நினைவு வந்ததாகச் சொன்னார். நான் தென்காசிக்காரன், வெளியூரில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வாசலில் நனைந்த குடையை விரித்து வைத்திருந்தார்கள். ஈரக் குடைத்துணியின் வாடை எனக்கு எப்போதும் செல்வி அத்தையைத்தான் கொண்டுவரும்.

அத்தை, அப்பாவின் தங்கை. பிளஸ் டூவில் இயற்பியல் போய்விட்டது. "படிச்சது போதும்ட்டீ" என்று அப்பா முடித்துவிட்டார். ஆலங்குளத்தில் மாப்பிள்ளை பேசத் தொடங்கியிருந்தார்கள். அத்தைக்கோ மறுதேர்வு எழுதி நர்சிங் சேர ஆசை. மேலகரத்தில் ஒரு டீச்சர் ரகசியமாகச் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். ஆனால் வயதுப் பெண் தனியே வெளியே போனால் கேள்வி வரும். கையில் ஒரு பிள்ளை இருந்தால் வராது. அந்தப் பிள்ளை நான். இரண்டாம் வகுப்பு.

"இவனுக்கு வயக்காட்டக் காட்டிட்டு வாரேன்" என்று கிளம்புவாள். டீச்சர் வீட்டு வராந்தாவில் நான் முறுக்குத் தின்பேன். உள்ளே அத்தை படிப்பாள். திரும்பும் வழியில்தான் என் பாடம்.

"வீட்ல கேட்டா என்னலே சொல்லுவ?"

"பறவை பாத்தோம்."

"சும்மா பறவைன்னா எவன் நம்புவான்? பேரு சொல்லணும்லே."

அப்படித்தான் கற்றேன். மடையான் உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை. பெயர் தெரியாதவற்றுக்கு அவளே பெயர் வைத்தாள். 'சாரக்குருவி' என்று ஒன்று உண்டெனப் பின்னாளில் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் நான் சண்டையே போட்டிருக்கிறேன். விவரம் இருந்தால் பொய் நிற்கும் என்பதை எந்தச் செய்தி ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். அப்பா பிசைந்த சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருப்பார். மகன் இவ்வளவு கவனிக்கிறானே என்று பெருமை.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. என்னை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்துத் தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். எனக்கும் சொல்லியிருந்தாள். செருப்பு மாட்டும்போது அப்பா குடையோடு வந்து நின்றார்.

"ஏலே, இன்னைக்கு நானும் வாரேன். அந்த மடையான எனக்கும் காட்டு."

"சாரலா இருக்குண்ணே. நீங்க எதுக்கு?"

"ஏன், நீங்க ரெண்டு பேரும் பாத்தாப் போதுமாட்டீ?" சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்.

டீச்சர் வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு எட்டு முன்னே வந்தவர், அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருட்டீ அது? உன்னையே பாக்குது."

"தெரியலண்ணே." அத்தை என் கையை நெரித்தாள். "அங்கன பாருங்க, செம்போத்து."

ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அத்தை திரும்பவில்லை. அன்று அவள் ஒரு பறவையையும் விடவில்லை. கேட்காததையும் காட்டினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. வீடு திரும்பும்போது அப்பா மனதாரச் சொன்னார்: "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியேட்டீ! நீ டீச்சர் வேலைக்கே போயிருக்கலாம்."

ஆவணியில் ஆலங்குளத்தில் கல்யாணம்.

அந்த வயல்களில் இப்போது மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். டீச்சர் வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். சீசனில் வராந்தா இருந்த இடத்தில் வேன்கள் நிற்கின்றன. போன வாரம் அப்பாவைப் பார்க்க அத்தை வந்திருந்தாள். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்த மைனாவைக் காட்டி என் மகள் கேட்டாள்: "ஆச்சி, அது என்ன பறவை?"

அத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாது தாயி. உங்க தாத்தாட்ட கேளு."