இரைப்பைக்குள் இறங்கிய குழாய்

அறுபதுகளில் நான் மலைமேல் செண்பகனூரில் விஞ்ஞான வாத்தியார். இரைப்பையின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கரும்பலகையில் வரைவேன். அந்த மண்டைக்கனத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ராஜபாளையத்து நாய் இறக்கி வைத்தது.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய கறிச்சோற்றைச் சட்டி நிறைய வைத்தேன். நாலே வாயில் விழுங்கியது. செரிக்கட்டும் என்று உடனே வில்பட்டி ஏற்றத்தில் ஓடவிட்டேன். புத்திசாலி அல்லவா! திரும்பி வந்ததும் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. படுக்கும், எழும், விலாவைத் திரும்பிப் பார்க்கும். உமட்டி உமட்டிப் பார்த்தும் வெள்ளை நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. அஜீரணம்தான் என்று ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

அந்நேரம் என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடிந்து வந்தாள். அவள் நர்ஸ். பையைக்கூட வைக்காமல் குனிந்து நாயின் வயிற்றைச் சுண்டினாள். மேளம் போல ஒலித்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஈறு வெளுத்திருந்தது.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. வவுத்துல காத்து அடைச்சுக் கெடக்கு. கீழ மாட்டு டாக்டர்ட்ட போற வரைக்கும் தாங்காது."

வந்த வழியே ஓடினாள். பெரிய டாக்டரிடம் கேட்டு, விஷம் குடித்தவர்களுக்கு இறக்கும் ரப்பர் குழாயோடு வந்தாள். மூக்கிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து, குழாயில் நூல் கட்டி அடையாளம் வைத்தாள். நடுவில் ஓட்டையுள்ள கட்டையை நாயின் பற்களுக்கிடையே கொடுத்து, என்னை வாயை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். ஓட்டை வழியே குழாய் மெல்ல மெல்ல இறங்கியது. நான் படம் போட்டுக் காட்டிய உணவுக்குழாயில் அவள் விரல் நுனியால் வழி தேடிக்கொண்டிருந்தாள். நாய் திமிறியது. என் பிடி நழுவி, கட்டை பிசகிவிட்டது.

"பிடிங்க" என்றாள், அவ்வளவுதான். பிடித்தேன். சற்று நேரத்தில் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. குடலைப் பிடுங்கும் நாற்றம். கல்லாக இருந்த வயிறு கண்ணெதிரே தளர்ந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"வவுறு முறுக்கியிருந்தா மறுபடி ஊதும். வெரசா ஒரு லாரியப் பாருங்க" என்றாள்.

நாய் பிழைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முறுக்கல் இல்லை என்றார் அடிவாரத்து வத்தலக்குண்டு மாட்டு டாக்டர். ஆனால் காய்கறி லாரியில் மலை இறங்கும்போதுதான் பார்த்தேன், அவள் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்த வலது கையிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என் பிடி நழுவிய நொடியில் நாய் கடித்திருக்கிறது. பல் ஆழமாக இறங்கியிருந்தது.

"ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"சொல்லியிருந்தா நாய விட்டுட்டு என் கையத்தான பிடிச்சிருப்பீங்க? குழா பாதியில நின்னிருக்கும்."